சுகாதாரக் கொள்கையைப் படிப்பது என்றால் என்ன?

சென்னையில் மின்சார ரயிலில் போய்வருகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் நிலையம் தெரிந்திருக்கும். 1928-ல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றாலே ஊருக்கு வெளியே, நல்ல காற்று வரும் இடத்தில் மாதக்கணக்கில் படுத்திருப்பதுதான். நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, குடும்பத்தை விட்டுத் தள்ளி இருப்பது. 1950-களில் நோயைக் குணப்படுத்தும் மருந்துகள் வந்த பிறகும் இந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை. மாத்திரையைக்கூட மருத்துவமனைப் படுக்கையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ அதில் ஒரு துளிக்குக்கூடக் காணாது. அப்படியானால் மற்றவர்களை என்ன செய்வது?

1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 காசநோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் தங்கி மாத்திரை சாப்பிட்டார்கள். இன்னொரு பகுதியினர் அதே மாத்திரைகளைத் தங்கள் வீட்டிலேயே, நெரிசலான ஒற்றை அறையிலேயே இருந்து சாப்பிட்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் எவ்வளவோ மேல். ஓராண்டு முடிவில் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்றுவதும் அதனால் கூடவில்லை. 1959-ல் முடிவுகள் வெளியாயின. அப்புறம் உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு நகர ஆரம்பித்தது. அந்த ஆய்வை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இந்த ஆய்வில் புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மருந்து ஏற்கெனவே இருந்தது. அதை எங்கே வைத்து, யார் மூலமாக, எவ்வளவு செலவில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. சுகாதாரக் கொள்கை ஆராய்ச்சி என்ற துறை இப்படிப்பட்ட கேள்விகளால் ஆனது.

அதே நோயைப் பற்றி, அதே காலகட்டத்தில், பெங்களூரில் இன்னோர் ஆய்வு நடந்தது. முதலாவதைவிட எனக்கு இது இன்னும் பிடிக்கும். அங்கே 1959-ல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்தில் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் வேலை பார்த்தார்கள். கிராமத்து ஜனங்களுக்கு நோயைப் பற்றி அக்கறை கிடையாது, தாமாக ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள், ஆகவே எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராக அனுப்பித்தான் நோயாளிகளைப் பிடிக்க வேண்டும் என்பது அப்போதைய பொது நினைப்பு. இவர்கள் இருவரும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில், கணக்கெடுப்பில் காசநோய் இருப்பதாகத் தெரியவந்தவர்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்தார்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று தெரியுமா? தெரிந்ததும் என்ன செய்தீர்கள்?

பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருந்தது. கவலையும் இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேர் இருமலோடு ஏற்கெனவே ஏதோ ஒரு மருத்துவ நிலையத்தின் வாசலை மிதித்திருந்தார்கள். அங்கே சளி பரிசோதனை செய்யப்படவில்லை. இருமல் மருந்துப் புட்டி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அக்கறை இல்லாமல் இருந்தது நோயாளி அல்ல என்பது இப்படித் தெரியவந்தது. ஊர் ஊராக வண்டி அனுப்புவதைவிட, இருமலோடு தானாக வந்து நிற்பவரின் சளியைப் பரிசோதிக்கச் சாதாரண சுகாதார நிலையத்தைத் தயார் செய்வதே முதல் வேலை என்று ஆனது. 1962-ல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இந்த வழியில்தான் அமைக்கப்பட்டது.

முதல் ஆய்வுக்கு எண்ணத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள், இரண்டாவதற்குக் கேட்கத் தெரிந்தவர்கள். சுகாதாரக் கொள்கையில் முதுகலையோ பிஎச்டியோ படிக்கப் போகிற ஒருவருக்குக் கற்றுத்தரப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டு திறமைகள்தான்.

முதலில் பெயரைப் பற்றி

சுகாதாரம் என்றதும் நம்மில் பலருக்குச் சாக்கடை, குப்பைத்தொட்டி, கொசு மருந்து நினைவுக்கு வருகிறது. நம் அரசுத் துறையே தன்னை மக்கள் நல்வாழ்வுத் துறை என்றுதான் சொல்லிக்கொள்கிறது. இந்தக் கட்டுரையில் சுகாதாரம் என்பதை அந்த விரிந்த பொருளில்தான் சொல்கிறேன்: மருத்துவமனை, மருந்து, காப்பீடு, தண்ணீர், சத்துணவு, மருத்துவர்களை எங்கே பணியமர்த்துவது என்பது வரை எல்லாம் சேர்ந்தது.

கொள்கை என்றால் ஓர் அரசோ பெரிய அமைப்போ, இதைச் செய்வோம் இதைச் செய்யமாட்டோம் என்று எடுக்கும் முடிவு. அது அரசாணையில் எழுதப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலை நேரத்தில் மருத்துவர் இல்லை என்றால், அதுவும் யாரோ எப்போதோ எடுத்த முடிவின் விளைவுதான். எடுக்காமல் விட்ட முடிவின் விளைவாகக்கூட இருக்கலாம்.

மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொதுச் சுகாதாரம் படித்தவர் ஊரைப் பார்க்கிறார். சுகாதாரக் கொள்கை படித்தவர், அந்த ஊருக்கு எது வந்து சேரும், எது சேராது என்பதைத் தீர்மானிக்கும் பணம், சட்டம், ஆட்கள், அரசியல் ஆகியவற்றைப் பார்க்கிறார். எல்லைகள் இவ்வளவு துல்லியமாக இல்லைதான், ஆனாலும் ஆரம்பத்துக்கு இந்தப் பிரிவினை போதும்.

மாத்திரை வீட்டுக்கு வந்தது, அப்புறம்?

இந்தப் படிப்பில் என்னென்ன பாடங்கள் என்று வெறுமனே பட்டியல் போட்டால் ஒன்றும் புரியாது. நமக்குத் தெரிந்த ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடமும் அதை எப்படிப் பார்க்கும் என்று யோசித்துப் பார்ப்போம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களுக்கு மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இதற்கு முந்தைய நிலவரத்தை 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு (தொற்றா நோய்களை அளவிட உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த முறை இது) காட்டியது: ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரையில் 10.8 சதவீதம். இரண்டு நோய்க்குமே மலிவான, பழகிய மாத்திரைகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அப்படியிருந்தும் நூற்றில் ஏழு பேர். 2023-24-ல் எடுக்கப்பட்ட இரண்டாவது சுற்றில் அந்த அளவுகள் சுமார் 17 சதவீதத்தை எட்டின.

சரி, திட்டம் வெற்றி என்று சொல்லிவிடலாமா?

நோய்ப் பரவலைப் படிக்கும் எபிடெமியாலஜி வகுப்பில் முதல் கேள்வி, யாரை எண்ணினீர்கள் என்பதாக இருக்கும். ஒரு தடவை மட்டும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா, இடைவெளி விட்டு மூன்று தடவை பார்த்தார்களா? கணக்கெடுப்பவர் பகலில் வந்தபோது வேலைக்குப் போயிருந்த ஆண்கள் எத்தனை பேர்? இப்படிக் கேட்டுப் பழகியவர் அதன் பிறகு செய்தித்தாளில் வரும் எந்தச் சதவீதத்தையும் அப்படியே விழுங்கமாட்டார். எதில் எத்தனை சதவீதம் என்று கேட்பார்.

புள்ளியியல், இரண்டு சுற்றிலும் எண்ணப்பட்டவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதை நினைவூட்டும். கொஞ்சம் பேரை எண்ணி எல்லோரைப் பற்றியும் சொல்லும்போது எவ்வளவு தவறு வரலாம் என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கும்.

அடுத்துதான் இந்தத் துறையின் மையமான கேள்வி வருகிறது. இந்தத் திட்டம் இல்லாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாற்றுநிலை என்று இதைச் சொல்லலாம். 2020-க்கும் 2024-க்கும் இடையில் கொரோனா வந்து போனது. அந்தப் பயத்தில் பலர் முதல்முறையாக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்கலாம். தனியார் மருந்துக்கடைகளும் மாறியிருக்கலாம். 7-லிருந்து 17-க்கு வந்ததில் திட்டத்தின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு? திட்டம் இல்லாத தமிழ்நாடு என்று ஒன்று எங்கேயாவது இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் அப்படி ஒன்று இல்லை. இல்லாத அந்த ஒப்பீட்டை எப்படியாவது உருவாக்குவதுதான் ஆய்வு முறைகள் என்ற பாடத்தின் பெரும்பகுதி. முதலில் தொடங்கிய வட்டாரங்களைப் பின்னால் தொடங்கிய வட்டாரங்களோடு ஒப்பிடலாம், வயது வரம்பு இருந்தால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்களை ஒப்பிடலாம், பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிடலாம். ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. ஓட்டை எங்கே என்று தெரிந்துகொண்டே பயன்படுத்துவதற்குத்தான் பயிற்சி.

சுகாதாரப் பொருளாதாரம் வேறு திசையிலிருந்து வரும். தன்னார்வலருக்கான ஊக்கத்தொகை, மாத்திரை விலை, செவிலியரின் நேரம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு எவ்வளவு ஆகிறது? பக்கவாதமும் டயாலிசிஸும் தவிர்க்கப்பட்டால் எவ்வளவு மிச்சம்? அந்தப் பணத்தையும் அந்தச் செவிலியரின் நேரத்தையும் வேறெதற்குச் செலவிட்டிருக்கலாம்? இங்கே யார் பணம் கட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தங்கள் பையிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்கிறது தேசியச் சுகாதாரக் கணக்கு. நல்ல செய்திதான். ஆனால் பங்கு குறைந்தது என்பதும் ஒரு குடும்பம் கட்டும் தொகை குறைந்தது என்பதும் ஒன்றல்ல. அரசு அதிகம் செலவிட்டால், குடும்பத்தின் செலவு அப்படியே இருந்தாலும் அதன் பங்கு குறையும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் பொருளாதாரப் பாடத்தில் பாதி கடந்த மாதிரி.

அரசியல் பகுப்பாய்வு என்ற பாடத்தைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தரவு சொன்னால் அரசு கேட்கும் என்று நம்பி வருகிற இளைஞர்களுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். ஒரு யோசனை ஏன் பத்தாண்டுகள் கோப்பில் தூங்கிவிட்டு ஒரே மாதத்தில் திட்டமாகிறது? கில் வால்ட், லூசி கில்சன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1994-ல் ஒரு எளிய முக்கோணத்தை முன்வைத்தார்கள். கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்தச் சூழலில் வந்தது, எந்த வழிமுறையில் முடிவானது என்பதையும், நடுவில் நிற்கும் ஆட்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். மக்களைத் தேடி மருத்துவத்துக்கு வைத்துப் பாருங்கள். புதிதாக அமைந்த அரசு, பெருந்தொற்றால் தடைபட்ட மருத்துவச் சேவைகள், ஊருக்கு ஊர் ஏற்கெனவே இருந்த மகளிர் சுயஉதவிக் குழுக்கள், மாத்திரையை மொத்தமாக வாங்கித் தர 1994-லேயே அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் திட்டம் வேறு உருவத்தில் வந்திருக்கும். இன்னொரு மாநிலம் இதைப் பார்த்துச் செய்ய நினைத்தால், அரசாணையை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை.

கேட்கக் கற்பது

இப்போது தும்கூர் ஆய்வின் வழிக்கு வருவோம். எண்களைத் தாண்டி, ஆட்களோடு பேசி அறியும் முறையைப் பண்பாய்வு என்பார்கள். இதை எளிது என்று நினைப்பவர்கள் உண்டு, நாலு பேரிடம் பேசி எழுதுவதுதானே என்று. எனக்கு இதைவிடக் கடினமான வேலை இந்தத் துறையில் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எழுபது வயதுப் பாட்டி ஒருவரிடம் ஆய்வு மாணவி போய் உட்காருகிறாள். கையிலுள்ள படிவத்தில் இருப்பதைக் கேட்கிறாள்.

“பாட்டி, பிரஷர் மாத்திரை தினமும் சாப்பிடுறீங்களா?”

“சாப்பிடுறேன் கண்ணு.”

படிவத்தில் ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். அப்படித்தான் ஆயிரக்கணக்கான படிவங்கள் நிரப்பப்படுகின்றன. அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வேறு பதில் வரும்.

“போன வாரத்துல எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு பாட்டி?”

“நாலு நாள் இருக்கும். தலை சுத்துற அன்னைக்குப் போட்டுக்குவேன். நல்லா இருக்குற அன்னைக்கு எதுக்கும்மா?”

முதல் கேள்வி பாட்டியின் ஒழுக்கத்தைச் சோதிக்கிற மாதிரி இருக்கிறது, அதனால் மரியாதையான பதில் வந்தது. இரண்டாவது கேள்வி, மாத்திரை விட்டுப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று ஒத்துக்கொண்டு தொடங்குகிறது. அதனால் பாட்டி மனசில் இருப்பதைச் சொல்கிறார். மாத்திரை தலைசுற்றலுக்கு என்று அவர் நம்புகிறார் என்பது இப்போதுதான் வெளியே வருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டு வாசலில் எவ்வளவு மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது டப்பாவில்தான் சேரும்.

இங்கே மொழி பெரிய விஷயம். ஆங்கிலத்தில் உருவான கேள்வித்தாளைத் தமிழில் பெயர்த்து, வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, இரண்டும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது வழக்கம். அது அவசியம்தான், ஆனால் போதாது. ‘உயர் இரத்த அழுத்தம்’ என்று அச்சிட்டிருக்கும், எதிரில் இருப்பவருக்கோ அது ‘பிரஷர்’, இல்லையென்றால் ‘பிபி’. ‘மனச்சோர்வு’ என்று அச்சிட்டிருப்பதை ஒரு அம்மா ‘மனசே சரியில்ல, எதுலயும் ஒட்டல’ என்றுதான் சொல்வார். நல்ல தமிழ் தெரிந்த, வட்டார வழக்குக்குக் காது கொடுக்கிற மாணவர்களுக்கு இந்தத் துறையில் பெரிய இடம் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

ஆட்களைக் கேட்பதற்குப் பதில் நேரடியாகப் பார்ப்பதும் ஒரு வழி. பொருளாதார அறிஞர் ஜிஷ்ணு தாஸும் அவருடைய சகாக்களும் டெல்லியிலும் மத்தியப் பிரதேசக் கிராமங்களிலும் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. நோயாளி போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்தியம் பார்ப்பவர்களிடம் அனுப்பினார்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, வீட்டிலிருக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று அவர்கள் சொல்வார்கள். வைத்தியம் பார்த்தவர் என்ன கேட்டார், என்ன சொன்னார், எவ்வளவு நேரம் கொடுத்தார் என்று வெளியே வந்ததும் பதிவு செய்வார்கள். மத்தியப் பிரதேசக் கிராமங்களில் வைத்தியம் பார்த்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு எந்த மருத்துவத் தகுதியும் இல்லை. அதைவிட யோசிக்க வைத்தது இன்னொன்று: கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பதில் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவரின் அறிவு வேறு, தினசரி அவர் செய்வது வேறு என்பதை இவ்வளவு நேராக எந்தக் கேள்வித்தாளும் காட்டியிருக்காது.

அதிர்ஷ்டச் சீட்டு விழுந்த மாநிலம்

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று. இந்தத் துறையில் எங்கே படித்தாலும் இதைக் கடக்காமல் போகமாட்டீர்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008-ல் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் கொஞ்சம் இடம் இருந்தது, ஏறத்தாழ 10,000 பேருக்கு. பெயர் கொடுத்தவர்கள் சுமார் 90,000 பேர். யாருக்கு முன்னுரிமை கொடுப்பது என்று தெரியாமல், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது என்று மாநில அரசு முடிவெடுத்தது. ஏமி ஃபிங்கல்ஸ்டைன், கேத்ரின் பெய்க்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் உடனே புரிந்துகொண்டார்கள்: நாம் தேடிக்கொண்டிருக்கும் மாற்றுநிலை இதோ தானாகவே கிடைத்துவிட்டது. பெயர் விழுந்தவர்களுக்கும் விழாதவர்களுக்கும் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

முடிவுகள் யாருடைய கட்சிக்கும் முழுதாகச் சாதகமாக வரவில்லை. காப்பீடு கிடைத்தவர்கள் மருத்துவரை அதிகம் பார்த்தார்கள். மருத்துவக் கடனில் மூழ்குவது வெகுவாகக் குறைந்தது. மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிலும் நிச்சயமாகச் சொல்லக்கூடிய முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவது குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அது கூடியது.

இதைப் படித்துவிட்டு ஒருவர் காப்பீடு வீண் என்பார், இன்னொருவர் காப்பீட்டின் வேலையே குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பதுதான், அதை அது செய்துவிட்டது என்பார். நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் வகுப்பறையில் இந்த ஆய்வின் பயன் வேறு. காப்பீடு நல்லதா என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, எதற்கு நல்லது, யாருக்கு, எத்தனை ஆண்டில் என்று கேட்கப் பழக்குகிறது.

எங்கே, எப்படிப் படிப்பது

இந்தியாவில் பொதுச் சுகாதாரப் படிப்புக்குப் பழைய வேர்கள் உண்டு. கொல்கத்தாவில் அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் 1932-லேயே தொடங்கிவிட்டது. நெடுங்காலம் இது மருத்துவர்களுக்கான படிப்பாகவே இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-ல் எம்பிஎச் எனப்படும் பொதுச் சுகாதார முதுகலையைத் தொடங்கியது. மருத்துவரல்லாதவர்களுக்கும் கதவு திறந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையம், சமூக அறிவியல் கண்ணோட்டத்தில் சுகாதாரத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் முக்கியமான இடம். தும்கூர் ஆய்வு செய்த அதே பானர்ஜிதான் அதை உருவாக்கினார். மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம் இன்னொன்று. சென்னையில், அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் எம்பிஎச் நடத்துகிறது. சென்னை ஐஐடியின் மனிதவியல் (ஹியுமானிடீஸ்), சமூக அறிவியல் துறையில் சுகாதாரக் கொள்கை, பொருளாதாரத்தில் பிஎச்டி செய்ய முடியும். இலங்கைத் தமிழ் மருத்துவர்களுக்குக் கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வழி.

யார் சேரலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர் படிப்பு முடித்தவர்களைப் போலவே பொருளாதாரம், சமூகவியல், புள்ளியியல், சமூகப்பணி படித்தவர்களையும் பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன.

எம்பிஎச் இரண்டு ஆண்டு. எல்லாப் பாடமும் கொஞ்சம் கொஞ்சம், கடைசியில் ஒரு சிறிய ஆய்வேடு. வேலைக்குப் போக அது போதும்: மாநிலச் சுகாதார இயக்கம், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் அமைப்புகள் என்று வழிகள் இருக்கின்றன. ஒரு கேள்வியை விடாமல் துரத்தும் ஆசை இருந்தால்தான் பிஎச்டி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. ஹார்வர்டில் 1992-ல் சுகாதாரக் கொள்கைக்கென்று தனி பிஎச்டி தொடங்கியபோது, பல துறைகள் சேர்ந்து அதை நடத்தின. மாணவர் எல்லாவற்றிலும் அடிப்படை கற்றுக்கொண்டு ஏதாவது ஒன்றில், பொருளாதாரத்திலோ அரசியல் பகுப்பாய்விலோ, ஆழமாக இறங்க வேண்டும் என்ற ஏற்பாடு. எந்த நாட்டில் படித்தாலும் இது நல்ல யோசனை. எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்து எதிலும் கைத்திறமை இல்லாமல் போவது இந்தத் துறையில் இருக்கும் உண்மையான ஆபத்து.

ஆய்வு மாணவரின் நாட்கள் எப்படிப் போகும் என்று கேட்டால், பாதி நாட்கள் கணினி முன்னால் தரவைச் சுத்தம் செய்வதில் போகும். வயது 207 என்று யாரோ அடித்திருப்பார்கள், ஆண் கர்ப்பமாக இருப்பதாகப் பதிவாகியிருக்கும். அவை ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, என்ன செய்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அலுப்பாக இருக்கும், ஆனாலும் அந்தக் குழுவைத் தடையாக நினைக்க வேண்டாம். ஓர் ஏழைக் குடும்பத்தின் நோயையும் கடனையும் கேட்டுக் குறித்துக்கொண்டு போகும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்று நம்மை நிறுத்திக் கேட்க ஒருவராவது வேண்டும்.

ஆய்வுத் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். முதுகலை மாணவர்களில் நிறையப் பேர், ஒரு நோயைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஒரு கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில், மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று முடிவு எழுதுகிறார்கள். அந்த முடிவு ஆய்வுக்கு முன்பே தெரிந்தது. தும்கூரில் நடந்ததைப் போல, அமைப்பின் பக்கம் திரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்றை எடுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நம் வட்டாரத்தில் மாத்திரை வாங்க வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் போன மாதம் எத்தனை பேர், ஏன்? இரவு எட்டு மணிக்கு மேல் பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து கிடைக்கும் முதல் இடம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால் யாராவது ஏதாவது ஒன்றை மாற்ற முடியும்.

படிப்பில் சேருமுன் ருசி பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழி. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆய்வு அடிப்படைகளைப் பற்றி, ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் இணைய வகுப்பு நடத்துகிறது. சேர்ந்து கற்கக் கட்டணமில்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் பணம். இரண்டாவது வழிக்கு இணையம் ஒரே ஒருமுறைதான் தேவை. தேசியக் குடும்பநல ஆய்வின் உங்கள் மாவட்டத் தகவல் தாளை ஒருமுறை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சில பக்கங்கள்தான். அதில் உங்களை உறுத்தும் ஓர் எண்ணை அடிக்கோடிட்டுக்கொண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரைக்காரர்கள் மாத்திரை வாங்க வரும் நாளில், அனுமதி கேட்டு, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு காலை நேரம் உட்காருங்கள். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், உள்ளேயிருந்து என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மதியம் வீட்டுக்கு வந்ததும் அந்த எண்ணை மறுபடி எடுத்துப் பாருங்கள்.